வாய்க்காலில் கிடந்த பந்து

கோல்ஃப் கிளப்பில் பேட்டரி வண்டிகள் இரண்டு வந்து இறங்கியிருப்பதாக என் தங்கை மகன் போன மாதம் போன் செய்தான். அவனும் அங்கே ஆடுகிறவர்களுக்குப் பை சுமக்கிற கேடி வேலைதான் பார்க்கிறான். இனிமேல் பையை வண்டியே சுமந்துகொள்ளும், நாங்கள் எதற்கு என்று கேட்டான். பை சுமப்பதுதான் அந்த வேலையில் சின்ன பாகம் என்றேன். அப்படியானால் பெரிய பாகம் எது, எழுதிக் கொடுங்கள், ஓய்வு அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்றான். அதனால் எழுத உட்கார்ந்தேன். நான் ஏழாம் வகுப்புவரை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைப் பிழையில்லாமல் சொல்ல ஐயப்பன் துணை இருக்கட்டும்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டி வந்த ஆட்களோடு மலையேறியவர். நான் பிறந்தது வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பெரியவனானதும் கிளப்பில் கோல்ஃப் பை தூக்கப் போனேன். அடிக்கிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்காதே, உன் நிழல் பந்தின்மேல் விழக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கு, அட்டை கடித்தாலும் அசையாதே. முதல் மூன்று வருஷத்தில் நான் கற்ற படிப்பு இவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில் என்னைக் கேடி மிஸ்திரி ஆக்கினார்கள். அதாவது, யார் பையை யார் தூக்குவது என்று பிரித்துக் கொடுக்கிற ஆள். புதிதாக வருகிற துரைமார் வீட்டு அம்மாமாருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது.

அது ஒன்பது குழி மைதானம். சுற்றிலும் தேயிலை, நடுவில் கிண்ணம்போல் ஒரு புல்வெளி. மழைத்தண்ணீர் இறங்க அதன் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, நம் நாட்டு ஆட்களே துரைமாராக வந்துகொண்டிருந்த காலம். ஆட்கள் மாறினார்களே தவிர வழக்கம் மாறவில்லை. புதன்கிழமை பெண்கள் ஆட்டம், சனிக்கிழமை தம்போலா, மாதத்துக்கு ஒரு சினிமா, டிசம்பரில் குழந்தைகள் விழா. ஆளுக்கு ஒரு பலகாரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுகிற மத்தியான விருந்தும் உண்டு.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆடம்பரமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு பங்களாவும் ஒரு மலையில் தனியாக நிற்கும். பக்கத்து பங்களாவுக்குப் போக ஜீப்பில் முக்கால் மணி நேரம். துரை விடியும்போது தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். அந்த வீட்டம்மா சமையல்காரன் முகத்தையும் மூடுபனியையும் பார்த்துக்கொண்டு வாரத்தை ஓட்ட வேண்டும். லயத்தில் நாங்கள் சுவருக்குச் சுவர் ஒட்டி இருந்தோம். சண்டை போடவாவது ஆள் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. எனவே கிளப்புக்கு வந்த நாளில், வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த சண்டையையும் சிரித்த முகத்தோடு போட்டுவிட்டுப் போவார்கள். யார் மனைவி எப்படிப் பழகுகிறாள் என்பது அவளுடைய கணவரின் உத்தியோகத்தையும் தொட்டது. அங்கே ஒரு பந்தை அடிப்பது வெறும் பந்தை அடிப்பதாக இருந்ததில்லை.

கிளப்பின் செக்ரட்டரி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மலையாளி. மேஜர் சார் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், மாட்டிய பிறகு சொன்னால் எடுபடாது. காலையில் குழிகளைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய ஒன்பது கிரீனையும் நடந்து பார்ப்பார். புல்லின் உயரத்தைத் தீக்குச்சி நிறுத்தி அளப்பார். ஆனை வந்து கால் பதித்துப் போயிருந்தால் அந்தக் குழியை மூன்று பாகம் மண்ணும் ஒரு பாகம் மணலும் சலித்துப் போட்டு, மேலே புல் கட்டியை வெட்டி வைத்து, கையால் தட்டச் சொல்வார். மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினால் அவருக்குப் பிடிக்காது. எல்லாம் முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் தானே நடந்து பார்ப்பார்.

கேடிகளுக்குள் ஒரு வித்தை உண்டு. அதை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லாரும் வெறுங்காலோடு நடந்தவர்கள். முன்னால் ஓடிப் போய்ப் பந்தைத் தேடுவது எங்கள் வேலை. பந்து கிடக்கிற இடத்திலிருந்தேதான் அடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது மோசமான இடத்தில் கிடந்தால், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்து, நடக்கிற நடையிலேயே நல்ல புல்லில் கொண்டு வைத்துவிடலாம். குனிய வேண்டாம், நிற்க வேண்டாம். ஐம்பதடி தள்ளி வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மேஜர் சார் வந்த வருஷமே இதைக் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. கேடி ஒவ்வொருவருக்கும் கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்து, ஷூ இல்லாமல் பை தூக்கக் கூடாது என்று பலகையில் எழுதிப் போட்டார். அதோடு அந்த வித்தை ஒழிந்தது.

ஒரே ஒரு விலக்கு இருந்தது. கார்த்திகை பிறந்தால் எங்களில் ஏழெட்டுப் பேர் சபரிமலைக்கு மாலை போடுவோம். விரதக்காரன் காலில் செருப்பு போடலாமா? நான்தான் போய்க் கேட்டேன். மேஜர் சார் கிறிஸ்தவர். இருந்தாலும் மறுக்கவில்லை. மாலை போட்டவர்கள் மாலை கழற்றும்வரை வெறுங்காலோடு வரலாம் என்று பலகையில் இன்னொரு வரி எழுதினார். அந்த நாட்களில் வழக்கப்படி அவரும் எங்களைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

இனி அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவகாமி அம்மா புதிதாக வந்த சின்னத்துரையின் மனைவி. சின்னத்துரை என்றால் உதவி மேனேஜர். அவர் கோயம்புத்தூரில் காலேஜ் படித்தவர், இங்கிலீஷ் தண்ணீராக வரும். அம்மாவோ பாலக்காட்டுக்குக் கிழக்கே மீனாட்சிபுரத்தில் ஒரு விவசாய வீட்டுப் பெண். வயலும் மாடுமாக வளர்ந்தவர்கள். விருந்துக்கு வெல்லம் போட்ட கச்சாயம் சுட்டு ஒரு தூக்குப்போசி நிறையக் கொண்டுவந்தார்கள். கேக்குகளுக்கு நடுவில் அது தொடாமலே இருந்தது. கடைசியில் நாங்களும் பட்லரும்தான் தின்று தீர்த்தோம். அம்மா போசியைத் திறந்து பார்த்து, நல்லா இருந்துச்சுங்களா என்று எங்களைக் கேட்டார்கள். ஒருத்தருக்கும் பதில் வரவில்லை, வாய் நிறைய இருந்தது. அதற்கு மட்டும் சிரித்தார்கள்.

ஆட்டம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த இரண்டாம் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் கைக்கு வரும் என்று. மற்றவர்கள் குச்சியை ஓங்குவதிலேயே கவனமாக இருப்பார்கள். இவர்கள் தரையைப் பார்ப்பார்கள். "வாய்க்கா மடை மாத்தற மாதிரிதானுங்க மிஸ்திரி, மம்பட்டி எங்க எறங்கோணுமோ அங்க எறங்குனா போதும்" என்பார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அடிப்பார்கள். நான் அலுத்துப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வருஷப் பெண்கள் கோப்பைக்கு அவர்கள் பேர் கொடுத்தார்கள். பையை நானே எடுத்தேன். கார்த்திகைக் கடைசி, கழுத்தில் மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி, வெறுங்கால். கடைசிச் சுற்றில் அவர்களோடு சேர்ந்து ஆடியவர் மேனேஜரான பெரியதுரையின் மனைவி. நாலு வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான் இருந்தது. அவருக்குப் பை எடுத்தவன் தங்கையன், என் வயதுக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

இடையில் தேநீருக்கு நின்றபோது இருவரும் சம எண்ணிக்கையில் இருந்தார்கள். வராந்தாவில் ஒரு அம்மா இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது. மாடு மேய்த்த கைதானே, பந்தும் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னத்துரையும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு வேறு வழி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சிவகாமி அம்மாவுக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிரக் கேட்டால் புரியும். கோப்பையில் இருந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தார்கள்.

கடைசிக் குழிவரை சமமாகவே வந்தது. அங்கே ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அடிக்க வேண்டும், பந்து விழுகிற இடம் தெரியாது. கேடிகள் முன்னால் போய் நிற்போம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அடித்த பந்து மேட்டைத் தாண்டி வந்து, ஒரு தத்துத் தத்தி, வாய்க்காலுக்குள் இறங்கியது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அடியில் சேறு, சேற்றில் பந்து பாதி புதைந்திருந்தது. வாய்க்காலின் கரை என் முழங்காலுக்கு மேலே.

அப்போது என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எனக்கு எதுவும் கிடைக்கப் போவதும் இல்லை. வராந்தாவில் அந்தச் சிரிப்பு இன்னொரு தடவை எழக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. வாய்க்காலில் இறங்கினேன். கால்விரல் தானாகவே பந்தைப் பிடித்தது. ஒரே எட்டில் கரையேறிப் புல்லில் வைத்து, உள்ளங்காலால் ஒரு தடவை உருட்டினேன், ஈரப்புல்லில் சேறு போகட்டும் என்று. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். நாற்பது ஐம்பதடி தள்ளிப் பனிக்குள் தங்கையன் நின்றுகொண்டிருந்தான்.

அம்மா வந்து பந்தைப் பார்த்தார்கள். "ஏனுங்க சாமி, பந்துல சேறு ஒட்டியிருக்குதுங்களே?"

"வாய்க்கா ஓரமா உருண்டு வந்திருக்கும்மா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு அடித்தார்கள். அவ்வளவு அழகான அடியை அந்தக் குழியில் நான் பார்த்ததில்லை. அவர்கள் அந்தக் குழியை ஐந்து அடியில் முடித்தார்கள், பெரியதுரை வீட்டம்மா ஆறு அடியில் முடித்தார். ஒரு அடி குறைந்ததில் கோப்பை இவர்களுக்கு வந்தது. வராந்தாவில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சின்னத்துரை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பரிசு கொடுத்து முடிந்ததும் தங்கையன் நேரே மேஜர் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை எங்கள் இருவரையும் அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் விதிப் புத்தகம், ஒரு காகிதம், பேனா. வேறு எதுவும் கிடையாது. தங்கையனை முதலில் பேசச் சொன்னார். அவன் பேசியதை அப்படியே எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"சாமி, பந்தில் கால் பட்டதோ?"

"இல்ல சார்."

"சரணம் விளிச்சுச் சத்தியம் செய்யணும்னு நான் கேக்கலே. மாலை இட்டவன் சொன்னா எனக்கு அது மதி" என்றார். மதி என்றால் போதும். காகிதத்தை இரண்டாக மடித்து உள்ளே வைத்தார். பொய்ப் புகார் சொன்னதற்காகத் தங்கையன் பொங்கல்வரை பை தூக்கக் கூடாது, கிளப் பக்கம் வரவும் கூடாது என்று முடித்தார். டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் எங்களுக்கு வேலை அதிகம். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்ததும் ஏதாவது திட்டுவான் என்று நினைத்தேன். என் கழுத்து மாலையைப் பார்த்தான். பிறகு தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து என் காலைக் குளியல் பாரமாகிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் அல்ல பாரம். தலையில் ஊற்றிக்கொண்டு சரணம் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விரத நாள் முழுக்க என்னைச் சாமி, சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவி பொன்னுத்தாய், மூன்றாம் நாள் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். இலை போட்டிருக்கு என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். சோற்றைப் போடாமல் கரண்டியோடு நின்றாள்.

"தங்கையன் பெஞ்சாதி இன்னைக்கு எனக்கு அடுத்த நெரையிலதான் கொழுந்து எடுத்தா" என்றாள். "அழுவா, ஏசுவான்னு பாத்தேன். ஒண்ணும் செய்யல. 'மால போட்ட அண்ணன் சொன்னா அதுதாங்க்கா நெசம், எங்க வீட்டு ஆளுக்குக் கண்ணு சரியில்ல போல, பெரியாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்'னு சொல்லுதா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

நான் தண்ணீர்ச் செம்பை இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

"கண்ணு சரியில்லதானா?" என்று கேட்டாள்.

"அவன் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நானும் சாப்பிடாமல் எழுந்தேன். அங்கே நிற்கும்போது ஒன்று புரிந்தது. ஐயப்பனிடம் நான் எப்படியாவது அழுது மன்னிப்பு வாங்கிவிடலாம், அவர் கருணைக்கடல். ஆனால் நல்ல கண்ணை வைத்துக்கொண்டு தங்கையன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப் போகிறானே, அதற்கு என்ன செய்வது?

மறுநாள் விடிந்ததும் சின்னத்துரை பங்களாவுக்கு ஏறினேன். முதல் பொய்யை அந்த அம்மாவிடம்தான் சொன்னேன், உண்மையையும் அங்கேதான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. அம்மா பின்கட்டில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பையை நடுவீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ஊருக்குக் கடிதம் போட்டிருப்பதாகவும், அப்பா கோப்பையைப் பார்க்க வரப் போவதாகவும், காபி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். நான் குறுக்கிட்டுச் சொல்லிவிட்டேன். எந்த இடத்தில் கிடந்தது, எப்படி எடுத்தேன், எங்கே வைத்தேன், ஒன்றையும் விடவில்லை.

மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். அழவில்லை, கத்தவும் இல்லை.

"அந்தச் சேத்துலருந்து எனக்கு அடிக்க வராதுன்னு நெனச்சுட்டீங்களா?"

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்கள்.

"நாஞ் சேத்துல நின்னு வளந்தவளுங்க. அவங்க எல்லாருஞ் சிரிச்சாங்க, அது போகட்டும். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு நீங்க. நீங்களே நெனச்சுப்போட்டீங்களே."

வராந்தாச் சிரிப்பிலிருந்து அவர்களைக் காப்பாற்றியதாக அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தச் சிரிப்பில் நானும் ஒரு ஓரமாகச் சேர்ந்துதான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சின்னத்துரை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து தாழ்ந்த குரலில் பேசினார். நடந்தது நடந்துவிட்டது, தங்கையனுக்கு வேறு ஏதாவது வேலை நான் பார்த்துக் கொடுக்கிறேன், இதை இதோடு விட்டுவிடலாம் என்றார். பெரியதுரையின் வீட்டோடு மோதிய பேர் தனக்கு வரும் என்று பயந்தார். அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அம்மா அவரைப் பார்த்து, "நீங்க வர்றதானா வாங்க, இல்லீனா நா ஜீப்புல போயிட்டு வந்தர்றனுங்க" என்றார்கள். உள்ளே போய்க் கை கழுவி, கோப்பையை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். சின்னத்துரை ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

கிளப் அறையில் மேஜர் சார் நான் பேசி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் மாட்டிக்கொண்டு, மடித்து வைத்திருந்த அந்தக் காகிதத்தை எடுத்தார். தங்கையன் சொன்னதற்குக் கீழே நான் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். பிறகு விதியைச் சொன்னார். கேடி செய்த தவறு ஆடியவர் செய்த தவறுதான். அம்மாவின் பெயர் நீங்கும், கோப்பை அடுத்தவருக்குப் போகும். போட்டி முடிவு எழுதிய பலகையில் அவர்கள் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்தார். நான் அதைப் பார்க்க வேண்டும் என்று என்னை நிற்கவைத்துத்தான் அதை இழுத்தார். குற்றம் என் காலுடையது, கோடு அவர்கள் பேரில். வெகுகாலம் அந்தச் சிவப்பு என் கண்ணில் நின்றது.

எனக்கு ஒரு வருஷம் பை கிடையாது, மிஸ்திரி வேலையும் கிடையாது, புல் பிடுங்கும் ஆட்களோடு சேர வேண்டும். குறைத்துக் கேட்க எனக்கு மனமில்லை. மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு வரலாம் என்ற வரியை அவர் அழிப்பாரோ என்றுதான் பயந்தேன். என் ஒருவனால் மற்றவர்களின் விரதம் கெட வேண்டுமா? அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். அழிக்கவில்லை. அன்று சாயந்திரமே குருசாமியிடம் சொல்லி, சுப்பிரமணிய சுவாமி கோவிலில் என் மாலையைக் கழற்றினேன். எங்கள் கூட்டம் அந்த வருஷம் நான் இல்லாமல்தான் சபரிமலைக்குப் புல்மேடு ஏறியது. அடுத்த கார்த்திகையில் மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அன்று காலை அந்த அறையில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. மேஜர் சார் ஆள் அனுப்பித் தங்கையனை வரவழைத்தார். அவன் உள்ளே வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "நான் நிங்களை நம்பலே. அது என் தெற்று" என்றார். தெற்று என்றால் தவறு. தங்கையனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அது இருக்கட்டும் சார்" என்றான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

இரண்டாவது, சிவகாமி அம்மா கேட்டது. அந்த வாய்க்காலிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

போட்டி முடிந்துவிட்டது மேடம் என்றார் மேஜர் சார்.

"போட்டிக்கில்லீங்க. எனக்குத் தெரியோணுமுங்க" என்றார்கள்.

ஐந்து பேருமாக இறங்கிப் போனோம். பையைத் தங்கையன் எடுத்துக்கொண்டான். பந்தை நான் வைக்க வேண்டும் என்று மேஜர் சார் சொல்லியிருந்தார். வாய்க்காலில் இறங்கி, கையால், அன்று கிடந்த அதே ஆழத்துக்கு அழுத்தி வைத்தேன். கரையேறும்போது தங்கையன், "சாமி அப்படியே அந்த ஓரத்துக்குப் போயிரட்டும். பந்துக்குக் காலைக் கண்டா பயம்" என்றான். மேஜர் சார் மூக்கைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நான் ஓரத்துக்குப் போனேன்.

அம்மா ஷூவைக் கழற்றிக் கரையில் வைத்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு சேற்றில் இறங்கினார்கள். கணுக்கால்வரை போனது. முதல் அடியில் பந்து எழும்பிக் கரையில் மோதி, அவர்கள் காலடியிலேயே விழுந்தது. சின்னத்துரை துண்டில் சுற்றிய கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் தடவை அவசரப்படாமல் குச்சியைப் பந்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே, சேற்றுக்குள் இறக்கினார்கள். சேறும் பந்துமாக ஒன்றாய் எழும்பி வந்தன. சேறு மேஜர் சாரின் சட்டையில் விழுந்தது. பந்து புல்லில் போய் உட்கார்ந்தது.

அம்மா அன்றைய ஐந்தோடு இந்த இரண்டையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினார்கள். "ஏழு வருதுங்க. அப்ப தோத்துத்தான் இருப்பனுங்க."

"ஒண்ணு வித்தியாசத்தில்" என்றார் மேஜர் சார்.

"ஒண்ணுதானுங்களே" என்றார்கள். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கைதட்டு வாங்கிய அன்றுகூட அது அந்த முகத்தில் இருக்கவில்லை. கரையேறி வந்து என் முன்னால் நின்றார்கள்.

"இனிமேலு என்ற பந்து எங்க கெடக்குதோ, அங்கயே கெடக்கட்டுமுங்க."

சரிம்மா என்றேன். குச்சியைத் தங்கையனிடம் கொடுத்தார்கள். சின்னத்துரை வைத்திருந்த துண்டிலிருந்து கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். மேலே வராந்தாவில் பெண்கள் சிலர் வந்து நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியதுரை வீட்டம்மாவும் நின்றார். ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, சேற்றுக் காலைக் கழுவாமல், கோப்பையைக் கொடுக்க அந்தப் படிகளில் ஏறிப் போனார்கள்.